கால்பந்துத் தலைவர் தெசெமா

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் மலைகளும் மேட்டு நிலங்களும் செறிந்த நாடு எத்தியோப்பியா. நீல நைல் ஆறு அம்மலைகளில் தோன்றியே வடக்கு நோக்கிப் பாய்கின்றது. அந்நாட்டின் தலைநகராகிய அடிஸ் அபாபா, உதகமண்டலத்தைக் காட்டிலும் உயரத்திற் சற்று மிக்கது. ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காக் கண்டத்தைக் கூறு போட்டுக்கொண்ட காலத்தில், 1896ஆம் ஆண்டில் அட்வா என்னும் ஊரருகே இத்தாலியப் படையை முறியடித்துத் தன்னுரிமையைக் காத்துக்கொண்ட நாடு அது. அந்நாட்டிலே பிறந்து, ஆட்டக்காரராகவும், பயிற்றுநராகவும், பின்னர் ஆப்பிரிக்கா முழுமைக்கும் கால்பந்துத் தலைவராகவும் விளங்கியவர் இட்னேகாச்சௌ தெசெமா என்பவர்.

இவர் 1921ஆம் ஆண்டு ஜிம்மா என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் தெசெமா எஷேத்தே பாவலர்; இன்னிசை வல்லுநர். பேரரசர் மெனிலிக்கு அவரைச் செருமனி நாட்டிற்கு அனுப்பியபோது, 1908ஆம் ஆண்டில் அங்கே அவர் பாடிய பாடல்கள் இசைத்தட்டிற் பதிவாயின. எத்தியோப்பியப் பாடல்கள் தட்டில் ஏறியது அதுவே முதன்முறை என்பர். எத்தியோப்பியரிடையே குடும்பப் பெயர் என்பது இல்லை. நாம் தந்தையின் பெயரைச் சுருக்கி முதலெழுத்தாக முன்னே வைத்துக்கொள்கிறோம். அவர்களோ தந்தையின் பெயரை முழுமையாகப் பின்னே வைத்துக்கொள்கின்றனர். ஆகவே இட்னேகாச்சௌ என்பதே இவருடைய பெயர். தெசெமா என்பது தந்தையாருடையது. ஆயினும் இம்முறையை அறியாத வெளியுலகம் இவரைத் தெசெமா என்றே அழைத்துப் பழகிவிட்டது. அப்பெயரே நிலைத்தமையால் இப்பாடத்திலும் அதுவே ஆளப்படுகின்றது.

தெசெமா அடிஸ் அபாபாவில் உள்ள தபரி மகோன்னன் பள்ளியிற் பயின்றார். எத்தியோப்பியர் பந்தாட்டம் அறியாதவர் அல்லர். கிறித்து பிறந்த நாளை ஒட்டி, வளைந்த கோலால் பந்தை அடித்து ஆடும் ‘கென்னா’ என்னும் ஆட்டம் அவர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. காலால் உதைத்து ஆடும் புதிய பந்தாட்டமோ வெளிநாட்டார் வழியாக வந்தது. தலைநகரில் வாழ்ந்த ஆர்மீனியர், கிரேக்கர் முதலியோர் அதனை ஆடக் கண்ட உள்ளூர் இளைஞர்கள், தாமும் ஒரு குழுவை அமைக்க விரும்பினர். அங்ஙனம் 1935ஆம் ஆண்டில் தோன்றியதே தூய சியார்சு கழகம். சிறுவனாகிய தெசெமா அக்கழகத்திற் சேர்ந்து, ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் அதற்காகவே ஆடினார். முந்நூறுக்கு மேற்பட்ட கோல்களை அடித்தார்.

கழகம் தோன்றிய அவ்வாண்டிலேயே இத்தாலி மீண்டும் படையெடுத்தது. அட்வாத் தோல்விக்குப் பழிவாங்க நாற்பது ஆண்டுகள் காத்திருந்தாற்போல, வானூர்திகளோடும் நச்சுப்புகையோடும் வந்தது. 1936ஆம் ஆண்டு மே மாதத்தில் தலைநகர் வீழ்ந்தது. பேரரசர் ஹைலி செலாசி செனீவா நகருக்குச் சென்று, நாட்டுக் கூட்டவையின் முன் நின்று முறையிட்டார். சிறிய நாட்டிற்கு ஒரு நீதி, பெரிய நாட்டிற்கு ஒரு நீதி இருத்தல் கூடுமோ என்பதே அம்முறையீட்டின் சாரம். அவையினர் கேட்டனர், வாளா இருந்தனர்.

அதன்பின் 1941ஆம் ஆண்டு வரையில் நடந்த இத்தாலிய ஆட்சியில், கால்பந்துத் திடலும் நிறத்தால் இரண்டாயிற்று. வெள்ளையருக்குத் தனிப் போட்டி. எத்தியோப்பியருக்குத் தனிப் போட்டி. இரு திறத்தாரும் எதிரெதிரே நின்று ஆடுதல் கூடாது என்பது கட்டளை. எத்தியோப்பியர் வென்றுவிட்டால் ஆள்வோரின் உயர்வு என்னாவது? தூய சியார்சு கழகம் தன் பெயரையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பதினைந்து வயது முதல் இருபது வயது வரையில், உடலும் உள்ளமும் முறுக்கேறும் பருவத்தில், தெசெமா ஆடிய கால்பந்து இத்தகையது. பிற்காலத்தில் உலக மன்றங்களிலே இவர் காட்டிய உறுதிக்கு வித்து இங்கேதான் விழுந்தது எனலாம்.

நாடு விடுதலை பெற்ற பின்னர், தலைநகரில் ஐந்து குழுக்கள் கூடிப் போட்டி நடத்தின. எத்தியோப்பியருக்குத் தூய சியார்சு கழகம், ஆர்மீனியருக்கு ஒன்று, கிரேக்கருக்கு ஒன்று, பிரித்தானியப் படைத்தூதுக் குழுவினருக்கு ஒன்று, எஞ்சியிருந்த இத்தாலியருக்கும் ஒன்று. நேற்றுவரை தம்மைத் திடலுக்குள் விடாத இத்தாலியரையும் எத்தியோப்பியர் விலக்கவில்லை என்பது கருதத்தக்கது.

1943ஆம் ஆண்டில் எத்தியோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு உருவாயிற்று. அந்நாட்டின் விளையாட்டுத் துறையை அமைக்கும் பணியில் தெசெமா செயலாளராக முன்னின்றார். அப்போது இவருக்கு வயது இருபத்திரண்டு. அலுவலகம் என ஒன்று தொடங்கிவிட்டது. ஆனால் விதிநூல் இல்லை, நடுவர் இல்லை, பயிற்றுவிப்பாரும் மிகச் சிலரே. விதிகள் யாவும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தன. அவற்றைத் தம் தாய்மொழியாகிய அம்காரிக்கில் பெயர்த்தலே இவர் மேற்கொண்ட முதற்பணிகளுள் ஒன்றாயிற்று.

அம்காரிக் மொழிக்குத் தனி எழுத்து உண்டு. தமிழில் உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறத்தல் போலவே, அம்மொழியிலும் அடிப்படை எழுத்து முப்பத்து மூன்றும் ஒவ்வொன்றும் ஏழு வடிவம் பெறும். பழமையும் இலக்கிய வளமும் உடைய மொழிதான். எனினும் பழைய மொழியிற் புதிய ஆட்டத்தின் விதிகளைச் சொல்லுதல் எளிதன்று. ‘ஆப்சைடு’ என்னும் ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். பந்து உதைக்கப்படும் அந்த நொடியில், எதிரிகளுள் கடைசிக்கு முந்தியவனையும் பந்தையும் கடந்து, கோல் எல்லைக்கு அணுக்கமாக நிற்பவன், பந்தைப் பெற்று ஆடுதல் கூடாது என்பது அதன் கருத்து. பந்து உதைக்கப்படும் நொடியா, பந்து வந்து சேரும் நொடியா என்பதை ஐயமற எழுதாவிட்டால், ஆட்டம் சொற்போராகிப் பின் மற்போராகவும் முடியும். சட்ட நூலை மொழிபெயர்ப்பவனுக்கு உள்ள பொறுப்பு முழுவதும் விளையாட்டு விதியை மொழிபெயர்ப்பவனுக்கும் உண்டு.

கால்பந்தோடு தெசெமா நின்றுவிடவில்லை. பிற விளையாட்டுகளின் விதிகளையும் பெயர்த்தார். கூடைப்பந்து, குத்துச்சண்டை, மிதிவண்டிப் பந்தயம் முதலியவை தம் நாட்டில் வேரூன்றவும் உழைத்தார். ஓட்டப் பந்தயக்காரனுக்கு வேண்டுவது மூச்சின் உரம். குத்துச்சண்டைக்காரனுக்கு வேண்டுவது கண்ணின் கூர்மை. கூடைப்பந்து ஆடுவோனுக்கோ தோழன் எங்கே நிற்கிறான் என்னும் உணர்வு வேண்டும். இவ்வாறு ஆட்டத்திற்கு ஆட்டம் தேவை வேறுபடினும், எல்லா ஆட்டத்திற்கும் பொதுவாக ஒன்று உண்டு. தொடக்கக் கோடு எல்லார்க்கும் ஒரே கோடாக இருத்தல் வேண்டும்; நடுவரின் ஊதல் எவர் பிழை செய்யினும் ஒலித்தல் வேண்டும். பல விளையாட்டுகளை வளர்த்த ஒருவர்க்கு இவ்வுண்மை நூலறிவாக அன்றிக் கையறிவாகவே வாய்த்திருக்கும்.

எத்தியோப்பியா முதன்முதலாக ஒலிம்பிக் போட்டியிற் கலந்துகொண்டது 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில். நான்கு ஆண்டுகட்குப் பின், உரோமை நகரிலே அபேபே பிக்கிலா என்னும் எத்தியோப்பியர் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி முதலிடம் பெற்றதை உலகம் அறியும். அந்நாட்டு ஒலிம்பிக் அமைப்பை உருவாக்கி வளர்த்தவருள் தெசெமாவும் ஒருவர்.

1956ஆம் ஆண்டில், ‘பீபா’ எனப்படும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் மாநாடு போர்ச்சுக்கல் நாட்டு லிசுபன் நகரிற் கூடியது. அங்கே ஆப்பிரிக்கப் பேராளர் சிலர், தம் கண்டத்திற்குத் தனிக் கூட்டிணைப்பு ஒன்று வேண்டும் என முடிவு செய்தனர். மறு ஆண்டு பிப்ரவரி மாதம், சூடான் நாட்டுக் கார்ட்டூம் நகரில் அது முறைப்படி தொடங்கிற்று. எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா என்னும் நான்கு நாடுகளே அன்று அதன் உறுப்பினர். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அப்போது அடிமைப்பட்டுக் கிடந்தது. எத்தியோப்பியாவின் சார்பில் அங்கே சென்றவர் தெசெமா.

கூட்டிணைப்பின் தொடக்கத்தோடு ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையின் முதற்போட்டியும் கார்ட்டூமிலேயே நடத்தத் திட்டமிட்டிருந்தனர். எத்தியோப்பியாவும் தென்னாப்பிரிக்காவும் அரையிறுதியில் மோத வேண்டும். இங்கேதான் சிக்கல் எழுந்தது. தென்னாப்பிரிக்காவில் 1948ஆம் ஆண்டு முதல் ‘அபார்த்தைட்டு’ என்னும் நிறவொதுக்கல் கொள்கை சட்டமாகவே நடைமுறையில் இருந்தது. வெள்ளையரும் அல்லாதாரும் ஒரே பள்ளியிற் படித்தலும், ஒரே குடியிருப்பில் வாழ்தலும், ஒரே குழுவில் ஆடுதலும் கூடா. அந்நாட்டுப் பேராளர், வெள்ளையர் மட்டும் கொண்ட குழுவையேனும் கறுப்பர் மட்டும் கொண்ட குழுவையேனும் அனுப்ப இயலும் என்றார். இருவரும் கலந்த குழு மட்டும் இயலாது என்றார். ஏனையோர் அதனை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கா ஆடாமலே விலகி நிற்க நேர்ந்தது.

இந்த ஒதுக்கல் கறுப்பரை மட்டும் வருத்தியதன்று. 1860ஆம் ஆண்டு நவம்பரில், ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னைத் துறையிலிருந்து கரும்புத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நேட்டால் நாட்டு டர்பன் துறையை அடைந்தது. அக்கப்பலிலும் பின் வந்த கப்பல்களிலும் சென்றவருள் தமிழர் மிகப் பலர். அவர்தம் பேரர்களும் கால்பந்து ஆடினர்; அவர்களுக்கும் வெள்ளையர் திடலில் இடமில்லை. 1951ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் என்னும் மூவகையினரின் சங்கங்களும் ஒன்றாய் இணைந்து, தென்னாப்பிரிக்கச் சாக்கர் கூட்டமைப்பு என ஒன்றை நிறுவின. ஆட்டக்காரர் தொகையில் மிக்கது அதுவே. ஆயினும் பீபாவின் ஏற்பைப் பெற்றிருந்தது வெள்ளையர் சங்கம்.

கார்ட்டூம் போட்டியில் எதிரி இன்மையால் எத்தியோப்பியா நேரே இறுதியாட்டத்திற்குச் சென்றது. அங்கே எகிப்து நான்கு கோல் அடித்தது; எத்தியோப்பியா ஒன்றும் அடிக்கவில்லை. அந்நான்கையும் அத்திபா என்னும் ஒருவரே அடித்தார். இரண்டாண்டு கழித்துக் கெய்ரோவில் நடந்த போட்டியிலும் எத்தியோப்பியாவிற்குத் தோல்வியே.

மூன்றாம் போட்டி 1962ஆம் ஆண்டு சனவரியில் அடிஸ் அபாபாவில் நடந்தது. எத்தியோப்பியக் குழுவின் பயிற்றுநர் தெசெமா. முதலில் துனீசியாவை நான்குக்கு இரண்டு என்னும் கணக்கில் வென்றனர். சனவரி 21ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே நின்றது முன்பு இருமுறையும் கோப்பையை வென்ற எகிப்து. முதற்கோலை எகிப்து அடித்தது. ஆட்டத்தின் பிற்பாதியில் கிர்மா தெக்லே அதனை ஈடு செய்தார். மறு நிமிடமே எகிப்து மீண்டும் முந்தியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, குழுத்தலைவர் லூசியானோ வசல்லோ மற்றொரு கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரம் தொடங்கிற்று. அம்மேட்டு நிலத்து மெல்லிய காற்று, சமவெளியிலிருந்து வந்தோர்க்குக் களைப்பை விரைந்து தரக்கூடியது. அந்நேரத்தில் லூசியானோவின் தம்பி இதாலோ வசல்லோ ஒரு கோலும், மெங்கிஸ்து வொர்க்கு ஒரு கோலும் அடித்தனர். நான்குக்கு இரண்டு, கோப்பை எத்தியோப்பியாவிற்கு.

வசல்லோ உடன்பிறந்தாரின் தந்தை இத்தாலியப் படைவீரர். தாயார் எரித்திரிய நாட்டவர். இருபத்தாறு ஆண்டுகட்கு முன் இத்தாலியரால் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட அதே பேரரசர் ஹைலி செலாசி, இத்தாலியத் தந்தைக்குப் பிறந்த குழுத்தலைவர் கையிற் கோப்பையை அளித்தார். கலப்புக் குழு இயலாது என்றவருக்கு இதனினும் தெளிவான விடை சொற்களால் அமையாது. அக்கோப்பையை எத்தியோப்பியா அதன்பின் ஒருமுறையேனும் வென்றதில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். அவ்வாட்டம் முடிந்த இரு வாரங்களில், ஆப்பிரிக்க விடுதலை இயக்கத்தார் மாநாடு ஒன்றிற் கலந்துகொள்ள, தென்னாப்பிரிக்காவிலிருந்து மறைந்து வெளியேறிய ஒருவர் அதே நகருக்கு வந்து பேசினார். அவர் நெல்சன் மண்டேலா. அவ்வாண்டிலேயே தாய்நாடு திரும்பிச் சிறைப்பட்டார்.

இதற்குமேல் தெசெமாவின் ஆட்டம் பெரும்பாலும் மாநாட்டு மன்றங்களிலேயே நிகழ்ந்தது. எதிரே நின்றவர் எளியவர் அல்லர். 1961ஆம் ஆண்டில் பீபாவின் தலைவரான சர் ஸ்டான்லி ரௌஸ் ஆங்கிலேயர், பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், புகழ்பெற்ற நடுவர். சிதறிக் கிடந்த கால்பந்து விதிகளைத் திருத்திப் பதினேழாக ஒழுங்குபடுத்தி 1938ஆம் ஆண்டில் எழுதித் தந்தவர் அவரே. தெசெமா அம்காரிக்கில் பெயர்த்த விதிகளும் அவர் எழுதிய அவ்விதிகளே ஆதல் வேண்டும். விதியை எழுதியவரும் அதைத் தன் மக்களுக்கு ஓதியவரும் பின்னர் மன்றத்தில் எதிரெதிரே அமர்ந்தனர்.

பீபா 1960ஆம் ஆண்டு உரோமை மாநாட்டில், எந்த நாட்டுச் சங்கமும் நிறவேற்றுமை பாராட்டுதல் கூடாது எனத் தீர்மானித்து, ஓராண்டுத் தவணை கொடுத்தது. தென்னாப்பிரிக்கா திருந்தவில்லை. 1961ஆம் ஆண்டில் அதன் உறுப்புரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு சனவரியில் ரௌஸ் தாமே அந்நாட்டிற்குச் சென்று பார்த்து வந்தார், தடை நீங்கிற்று. விளையாட்டில் அரசியல் புகுதல் கூடாது, நாட்டுச் சட்டத்தை மீறும்படி ஒரு சங்கத்தை வற்புறுத்தலாகாது என்பது அவர் கருத்து. அவர் நேர்மையற்றவர் என்று எவரும் சொல்லார். நெடுநாள் நடுவராக இருந்தவர் இந்த ஒரு பிழையைக் காணாது போனதே வியப்பு. தோலின் நிறத்தைப் பார்த்து ஆட்டக்காரனைத் திடலுக்கு வெளியே நிறுத்துவதுதான் அரசியல் என்பது ஆப்பிரிக்கப் பேராளரின் வாதம். தடை நீங்கியவுடன் தென்னாப்பிரிக்கச் சங்கம் ஒரு திட்டத்தை வெளியிட்டது: 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு வெள்ளையர் குழுவை அனுப்புமாம், 1970ஆம் ஆண்டிற்குக் கறுப்பர் குழுவை அனுப்புமாம். கார்ட்டூமிற் சொன்ன அதே சொல்!

அதற்குள் ஆப்பிரிக்காவின் நிலை மாறிவிட்டது. 1960ஆம் ஆண்டில் மட்டும் பதினேழு நாடுகள் விடுதலை பெற்றன. பீபாவில் நாடு ஒன்றிற்கு வாக்கு ஒன்று. பெரிய நாடாயினும் சிறிய நாடாயினும் அதுவே கணக்கு. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் டோக்கியோ மாநாட்டில், ஆப்பிரிக்கரும் ஆசியரும் பிறரும் சேர்ந்து அளித்த 48 வாக்குகளால், 15 வாக்குகளுக்கு எதிராக, தடை மீண்டும் விதிக்கப்பட்டது.

அவ்வாண்டிலேயே மற்றொரு பூசலும் முற்றியது. 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குரிய பதினாறு இடங்களுள் பத்து ஐரோப்பாவிற்கு, நான்கு தென்னமெரிக்காவிற்கு, ஒன்று வட, நடு அமெரிக்கப் பகுதிக்கு. எஞ்சிய ஒற்றை இடத்திற்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியப் பகுதி யாவும் போட்டியிட வேண்டும். ஆப்பிரிக்காவில் வென்ற நாடு அதன் பின்னரும் ஆசியாவில் வென்ற நாட்டோடு மோத வேண்டும். கானா நாட்டு ஓஹேனே ஜானும் தெசெமாவும் இதனை எதிர்த்து முன்னின்றனர். கானாத் தலைவர் குவாமே நிக்ருமா ஊக்கினார். பதினைந்து ஆப்பிரிக்க நாடுகள் போட்டியிலிருந்து விலகின. பீபா அவற்றிற்குத் தண்டம் விதித்தது. ஆட்டக்காரரின் நிலையை எண்ணுங்கால் இது பெரிய இழப்பு. 1963ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற கானாக் குழுவினர் தம் ஆற்றலின் உச்சத்தில் இருந்தனர். உலகக் கோப்பைத் திடலை மிதிக்கும் வாய்ப்பு அவர்களுட் பலர்க்கு மீண்டும் வரவில்லை. ஆயினும் புறக்கணிப்புப் பயன் தந்தது. 1970ஆம் ஆண்டு போட்டிக்கு ஆப்பிரிக்காவிற்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. மொராக்கோ மெக்சிகோ சென்றது.

1972ஆம் ஆண்டில் தெசெமா ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டிணைப்பின் தலைவரானார். அதற்கு முந்திய ஆண்டில் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் உறுப்பினராகவும் ஆகியிருந்தார். பதினைந்து ஆண்டுகள், தம் இறுதிவரை, தலைமைப் பதவியில் இருந்தார். 1974ஆம் ஆண்டு பீபாத் தலைவர் தேர்தலில், ஆப்பிரிக்காவிற்கு மிகுந்த இடமும் பயிற்சி உதவியும் தருவதாகச் சொன்ன பிரேசில் நாட்டு ஹாவலாஞ்சு ரௌசை வென்றார். ஆப்பிரிக்க வாக்குகள் அவ்வெற்றிக்குப் பெரிதும் உதவின. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் மாநாட்டில் தென்னாப்பிரிக்கா பீபாவிலிருந்தே நீக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் துனீசியா மெக்சிகோவை மூன்றுக்கு ஒன்று என வென்றது. ஆப்பிரிக்க நாடு ஒன்று உலகக் கோப்பையில் ஈட்டிய முதல் வெற்றி அது. 1982ஆம் ஆண்டு முதல் ஆப்பிரிக்காவிற்கு இரண்டு இடங்கள். அவ்வாண்டு அல்ஜீரியா மேற்குச் செருமனியையே வென்று காட்டிற்று.

வெற்றி பெருகப் பெருக வணிகரும் வந்தனர். மது, புகையிலை விற்கும் நிறுவனங்கள் போட்டிகளுக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தன. கூட்டிணைப்போ வறியது. ஆப்பிரிக்கத் தலைநகர் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய காலம் அது. குழுக்களின் பயணச் செலவே பெருஞ்சுமை. எனினும் மதுவுக்கும் புகையிலைக்கும் கால்பந்துத் திடல் விளம்பரப் பலகையாவதைத் தெசெமா எதிர்த்து நின்றார். இளைஞரின் உடலை வளர்க்கத் தோன்றிய ஆட்டம் அவ்வுடலைக் கெடுக்கும் பொருளை விற்றல் முறையன்று என்னும் கொள்கை, விளையாட்டை வளர்க்க உழைத்த ஒருவர்க்கு இயல்பானதே.

மற்றொன்றிலும் இவர் விடாப்பிடியாக இருந்தார். சிறந்த ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களை ஐரோப்பியக் கழகங்கள் பொருள் கொடுத்து அழைத்துச் சென்றன. கண்டத்தின் விளைபொருளெல்லாம் கப்பலேறியது போல ஆட்டத்திறனும் கப்பலேறுகின்றதே என இவர் வருந்தினார். இங்கிருந்தே ஆடி உயர்தல் வேண்டும் என்பது இவர் விருப்பம். வெளிநாட்டில் ஆடுவோருள் இருவருக்கு மேல் ஒரு குழுவிற் சேர்க்கலாகாது என்னும் விதி, ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டியில் 1982ஆம் ஆண்டு வரையில் இருந்தது. இதில் இவர் கண்டது ஒரு பக்கமே எனல் தகும். வறிய குடும்பத்து இளைஞன் தன் கால்வலியால் ஈட்டும் பொருளை வேண்டாமென்று சொல்ல எவர்க்கு உரிமை உண்டு? காலம் இவர் விருப்பத்திற்கு மாறாகவே சென்றது. ஆயினும் சிறந்தவரெல்லாம் வெளியேறியபின் உள்நாட்டுக் கழகங்கள் மெலிந்துபோகும் என்னும் இவரது அச்சம் பொய்த்துவிடவில்லை.

1974ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவில் முடியாட்சி வீழ்ந்து படையாட்சி வந்தது. நாட்டிலே எவ்வளவோ மாறியும், தெசெமாவின் ஆப்பிரிக்கப் பணி தொடர்ந்தது. ஆங்கிலம் பேசுவோர், பிரெஞ்சு பேசுவோர், அரபு பேசுவோர் என ஆப்பிரிக்காவைப் பிரித்து நோக்குவோரை இவர் கடிந்துரைத்தார். வடக்கே வாழும் அரபியரும் தெற்கே வாழும் சூலு மக்களும் ஒருங்கே ஆப்பிரிக்கரே என்பது இவர் முடிபு. 1987ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் இவர் மறைந்தார். தென்னாப்பிரிக்கா அப்போதும் பீபாவிற்கு வெளியே இருந்தது. மண்டேலா சிறையிலேயே இருந்தார்.

மண்டேலா 1990ஆம் ஆண்டில் விடுதலையானார். நிறவொதுக்கற் சட்டங்கள் ஒவ்வொன்றாக நீங்கின. இனத்திற்கு ஒன்றாகப் பிரிந்து கிடந்த கால்பந்துச் சங்கங்கள் ஒரே சங்கமாயின; 1992ஆம் ஆண்டில் பீபா அதனை ஏற்றுக்கொண்டது. 1996ஆம் ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி தென்னாப்பிரிக்காவிலேயே நடந்தது. பிப்ரவரி 3ஆம் நாள், சோகன்னசுபர்க்கு நகரில், தென்னாப்பிரிக்கா துனீசியாவை இரண்டுக்குச் சுழியம் என வென்றது. இரண்டு கோலையும் அடித்தவர் மார்க்கு வில்லியம்சு. கறுப்பரும் வெள்ளையரும் கலப்பினத்தாரும் ஒரே நிறச் சட்டை அணிந்து ஆடிய குழு அது. அதன் தலைவர் நீல் தோவி வெள்ளையர். அவர் கோப்பையை உயர்த்திப் பிடித்தபோது, அதே ஆட்டச் சட்டையை அணிந்து அருகில் நின்றார் குடியரசுத் தலைவர் மண்டேலா. கார்ட்டூமில் 1957ஆம் ஆண்டு கேட்கப்பட்ட கலப்புக் குழு, முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் திடலுக்கு வந்து சேர்ந்தது.